வைமோசோவின் செவ்வரத்தை வேலி

சமோவாவின் ஃபாலியோலோ விமான நிலையத்திலிருந்து தலைநகர் ஆப்பியாவுக்குச் செல்லும் வீதி, உபோலு தீவின் வடகரையை ஒட்டியே போகிறது. ஒருபக்கம் பவளப்பாறைகளுக்குள் அடங்கிக் கிடக்கும் கடல். மறுபக்கம் தென்னைகளுக்கும் ஈரப்பலா மரங்களுக்கும் இடையே ஊர்கள். ஊருக்கு ஊர் ஒரு தேவாலயம். சுவர் இல்லாமல் தூண்கள் மட்டும் தாங்கி நிற்கும் ‘ஃபாலே’ வீடுகள். பல வீடுகளின் முற்றத்தில் கல்லறைகள் இருக்கின்றன. இறந்தவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவது அங்கே வழக்கமில்லை. வாசலிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

ஆப்பியாவை நெருங்கும்போது வருவது வைமோசோ. அவசரமாகப் போகிறவருக்கு அது இன்னொரு அமைதியான கரையோரக் கிராமம். ஆனால், நியூசிலாந்தின் ஆட்சியை ஆயுதம் ஏந்தாமல் எதிர்த்து நின்ற ‘மௌ’ இயக்கத்தின் தலைமையகம் இங்குதான் இருந்தது. அந்த இயக்கத்தின் தலைவர் மூன்றாம் துபுவா தமாசேசே லெயலோபியின் ஊரும் இதுவே. துப்பாக்கிச் சூட்டில் அவர் உயிரிழந்தபோது வயது 28.

1901ஆம் ஆண்டு பிறந்த தமாசேசே, சமோவாவின் நான்கு பெரும் குலப்பட்டங்களுள் ஒன்றுக்கு உரியவர். அவர் பிறந்தபோது மேற்கு சமோவா ஜேர்மனியின் கையில் இருந்தது. முதலாம் உலகப்போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 ஓகஸ்ட் 29 அன்று, நியூசிலாந்துப் படையினர் அங்கே தரையிறங்கினார்கள். ஒரு சூடுகூட நடக்கவில்லை. கொடி மட்டும் மாறியது.

புதிய ஆட்சி என்னவென்று சமோவர்கள் அறிந்துகொண்டது 1918 நவம்பரில். ஒக்லாந்திலிருந்து வந்த ‘தலூன்’ என்ற கப்பலில் இன்புளுவன்சா நோயாளர்கள் இருந்தார்கள். தனிமைப்படுத்தல் இன்றி அந்தக் கப்பல் ஆப்பியாவில் அனுமதிக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 8,500 பேர் இறந்துபோனார்கள். அது மொத்தச் சனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம். சற்றுத் தூரத்தில் இருந்த அமெரிக்க சமோவா கடுமையான தனிமைப்படுத்தலைக் கடைப்பிடித்தது. அங்கே இந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. அங்கிருந்து உதவி கிடைக்கும் வழி இருந்தும் நியூசிலாந்து நிர்வாகி ராபர்ட் லோகன் அதைப் பெறவில்லை. தமாசேசேக்கு அப்போது வயது 17. அந்தத் தலைமுறையில் சாவு விழாத குடும்பத்தைக் காண்பது அரிது.

1920 முதல் சர்வதேச சங்கத்தின் ஆணையின் பேரில் நியூசிலாந்தின் ஆட்சி தொடர்ந்தது. 1922இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு குடும்பத் தலைவரைச் சொந்த ஊரிலிருந்து வெளியேற்றவும், அவருடைய பரம்பரைப் பட்டத்தைப் பறிக்கவும் அந்தச் சட்டம் நிர்வாகிக்கு அதிகாரம் கொடுத்தது. சமோவாவில் பட்டம் என்பது வெறும் மரியாதைப் பெயர் அல்ல. காணியும் உறவும் ஊர்ச் சபையில் அமரும் இடமும் அதனோடுதான் வருகின்றன. பட்டத்தை இழந்தவர் ஊரிலே ஆளற்றவர் ஆகிவிடுவார்.

தமாசேசே மீது அந்த அதிகாரம் பாய்ந்த காரணம் சிறியது. வைமோசோவில் தன் குடும்பக் காணியில் நின்ற செவ்வரத்தை வேலியை அகற்றும்படி அவருக்குக் கட்டளை வந்தது. காணி தங்களுடையது, வேலியும் தங்களுடையது என்பது அவருடைய நிலைப்பாடு. அவர் பணியவில்லை. அதனால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். பட்டமும் பறிபோனது. ஒரு பூஞ்செடி வேலிக்காக இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். சொந்த வளவின் எல்லையை இன்னொருவர் வந்து தீர்மானிக்கும் நிலையில் வாழ்ந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

1926இல் வணிகர் ஓலஃப் நெல்சன் ஆப்பியாவில் கூட்டிய பொதுக்கூட்டங்களிலிருந்து ‘மௌ’ இயக்கம் உருவானது. உறுதியாகப் பற்றிநிற்கும் கருத்து என்பது அந்தச் சொல்லின் பொருள். சமோவா சமோவர்களுக்கே என்பது அதன் கோரிக்கை. மக்கள் வரி கட்டுவதை நிறுத்தினார்கள். பிறப்பையும் இறப்பையும் நிர்வாகத்திடம் பதியாமல் விட்டார்கள். வெள்ளைக் கரை போட்ட கருநீலச் சாரம் இயக்கத்தின் அடையாள உடையானது.

1928 தொடக்கத்தில் நெல்சன் நாடு கடத்தப்பட்டார். அடுத்து இரண்டு போர்க்கப்பல்கள் வந்தன. சுமார் 400 பேர் கைதானார்கள். தங்களையும் பிடிக்கும்படி மேலும் பலர் தாமாகவே வந்து நின்றார்கள். அவ்வளவு பேரை அடைத்துவைக்கச் சிறையில் இடம் இல்லாததால் நிர்வாகம் அவர்களை விடுவிக்க நேர்ந்தது. அதே ஆண்டு ஏறத்தாழ 8,000 பேரின் கையொப்பங்களோடு ஒரு மனு ஜெனீவாவுக்குப் போனது. நெல்சனும் நேரில் சென்றார். சர்வதேச சங்கத்தின் ஆணைக்குழு அவருக்குச் செவிகொடுக்காமல் நியூசிலாந்தின் பக்கமே நின்றது.

இயக்கத்தின் முன்வரிசைக்கு வந்துவிட்ட தமாசேசே, வரி செலுத்தாத குற்றத்துக்காகக் கைதுசெய்யப்பட்டு, ஒக்லாந்துச் சிறையில் ஆறு மாதங்கள் வைக்கப்பட்டார். 1929இல் ஊர் திரும்பியபோது அவருடைய வழி மாறியிருக்கவில்லை. ஊர்வலம், மனு, ஒத்துழையாமை. அவ்வளவுதான்.

1929 டிசம்பர் 28, சனிக்கிழமை. நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவர் கப்பலில் திரும்பி வருகிறார். அவரை வரவேற்க மௌ உறுப்பினர்கள் ஆப்பியாவின் கடற்கரை வீதியால் ஊர்வலமாகச் சென்றார்கள். ஊர்வலத்தில் இருந்த, தேடப்பட்ட ஒருவரைக் கைதுசெய்யப் பொலிஸார் உள்ளே நுழைந்தபோது கைகலப்பு மூண்டது. பொலிஸார் சுட்டார்கள். பின்வாங்கிச் சென்று நிலையத்தின் மாடியிலிருந்து இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டார்கள். அது தலைகளுக்கு மேலாகவே சுடப்பட்டது என்பது நிர்வாகத்தின் விளக்கம். கூட்டத்தின் கையில் சிக்கிய ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார்.

தமாசேசே முன்னால் வந்தது தன் ஆட்களை அமைதிப்படுத்துவதற்காக. கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தி நின்றவர்மீது சூடு பட்டது. அவரைத் தூக்க ஓடிவந்தவர்களும் சுடப்பட்டார்கள். மறுநாள் அவர் இறந்தார். அன்றைய சம்பவத்தில் உயிரிழந்த சமோவர்களின் தொகை பதினொன்று வரை என்று கணக்கிடப்படுகிறது. காயமடைந்தோர் சுமார் 50 பேர்.

மரணப் படுக்கையில் அவர் தன் மக்களிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார். தன் இரத்தம் சமோவாவுக்காகச் சிந்தியது, அதற்காகப் பழிவாங்கக்கூடாது, அமைதி குலையக்கூடாது. வைமோசோவில் கூடியிருந்த ஆயிரக்கணக்கானோருக்கு இது எளிய கட்டளை அல்ல. தலைவரின் உடல் கண்முன்னே கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எத்தகைய பாரம் என்பதை இழந்தவர்கள் அறிவார்கள்.

அவர்கள் பழிவாங்கவில்லை. ஆனால் பணியவும் இல்லை. 1930 ஜனவரியில் இயக்கம் தடைசெய்யப்பட்டது. ஆண்கள் காட்டுக்குள் போனார்கள். போர்க்கப்பலில் வந்த கடற்படையினர் அவர்களைத் தேடினார்கள். அப்போது பெண்கள் வெளியே வந்தார்கள். தமாசேசேயின் துணைவியார் ஆலாவும் நெல்சனின் துணைவியார் ரோசபெலும் பெண்கள் மௌவின் முன்னணியில் நின்று ஊர்வலங்களையும் கூட்டங்களையும் நடத்தினார்கள். கணவனைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் வீதிக்கு வரமாட்டாள் என்று நிர்வாகம் எண்ணியிருந்தால், அந்தக் கணக்குப் பிழைத்தது.

1935இல் நியூசிலாந்தில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டு நல்லெண்ணக் குழுவொன்று சமோவாவுக்கு அனுப்பப்பட்டது. மௌ சட்டபூர்வமான அரசியல் அமைப்பாக ஏற்கப்பட்டது. நெல்சன் நாடு திரும்பினார். 1962 ஜனவரி 1 அன்று மேற்கு சமோவா சுதந்திர நாடானது. பசிபிக் தீவுகளில் இருபதாம் நூற்றாண்டில் சுதந்திரம் பெற்ற முதல் நாடு அதுவே. அதன் முதல் இணை அரசுத் தலைவர்கள் இருவரில் ஒருவர் துபுவா தமாசேசே மேயாஓலே. சுடப்பட்டு இறந்தவரின் சகோதரர்.

மன்னிப்பு வந்துசேர மேலும் 40 ஆண்டுகள் எடுத்தன. 2002 ஜூனில் ஆப்பியாவில் நடந்த சுதந்திர விழாவில் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் தன் அரசின் சார்பில் முறைப்படி மன்னிப்புக் கோரினார். எதற்காக மன்னிப்பு என்பதை அவர் பொதுவாகச் சொல்லிக் கடந்துவிடவில்லை. நோயாளரோடு வந்த கப்பலை அனுமதித்தது, 1929இன் துப்பாக்கிச் சூடு, தலைவர்களை வெளியேற்றிப் பட்டங்களைப் பறித்தது என ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டார்.

அந்த மன்னிப்பால் எந்தக் கல்லறையும் வெறுமையாகவில்லை. பாட்டனாரின் நீதிக்காகக் காத்திருந்த பலர் அதைக் கேட்காமலே போய்விட்டார்கள். இருந்தும் ஒன்று நடந்தது. 72 ஆண்டுகளாகச் சமோவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த கதையை, சுட்டவர்களின் அரசும் அதே வரிசையில் திருப்பிச் சொன்னது. பழிவாங்காதிருப்பது வேறு, மறந்துவிடுவது வேறு என்பதைத் தமாசேசேயின் மக்கள் அவ்வளவு காலமும் பிரித்தறிந்து வைத்திருந்தார்கள்.

செவ்வரத்தை வேலியைப் பற்றி மன்னிப்பில் தனியாக எதுவும் இல்லை. ஆனால் அந்த வேலிக்காக ஒருவரை ஊர் நீக்கி, பட்டம் பறித்த செயல் பிழையென்ற ஒப்புதல் அதற்குள் இருக்கிறது.