ஒளியைத் திரட்டிய வத்திராயிருப்பு விஞ்ஞானி ஸர் கே.எஸ். கிருஷ்ணன்

‘ராமன் விளைவு’ என்றவுடன் ஸர் சி.வி. ராமன் அவர்களின் பெயர் நம் எல்லோர் நாவிலும் வரும். அந்த நாட்களில் இருட்டறையில் அமர்ந்து, திரவம் திரவமாகப் பரிசோதித்தவர் யார் என்று கேட்டால் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அவர்தான் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாஸ கிருஷ்ணன்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகில் உள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4-ஆம் தேதி பிறந்தார். தகப்பனார் விவசாயி, தமிழிலும் ஸம்ஸ்கிருதத்திலும் தேர்ந்தவர். அந்த ருசி மகனுக்கும் கடைசி வரை இருந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்துவிட்டு, கல்கத்தா சென்று ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

திரவத்தில் பட்டுச் சிதறும் ஒளியில், நிறம் மாறிய ஒரு சிறு பகுதி உண்டா என்பதே அங்கு எழுந்த கேள்வி. அது மிக மிக மங்கலானது. லேஸர் இல்லாத காலம்; சூரியனே விளக்கு. ஆகவே ஒளியைத் திரட்டுவதுதான் முதல் வேலை.

இதற்கு இரண்டு லென்ஸுகள் உதவின. முதலாவது, 18 செ.மீ. அகலமும் 230 செ.மீ. குவிய தூரமும் உள்ள டெலஸ்கோப் லென்ஸ். 5 செ.மீ. அகல லென்ஸைவிட இது சுமார் 13 மடங்கு ஒளியை வாங்கும். ஆனால் அது குவிக்கும் ஒளிக்கூம்பு மிகக் குறுகலானது. சூரிய பிம்பமே 2 செ.மீ. அகலம் இருக்கும். எனவே 5 செ.மீ. குவிய தூரமுள்ள இரண்டாவது லென்ஸ், கூம்பை விரித்து ஒளியைச் சிறு இடத்தில் அடர்த்தியாகச் சேர்த்தது. லென்ஸின் பரப்பு ஒளியின் அளவையும், கூம்பின் கோணம் அதன் அடர்த்தியையும் நிர்ணயிக்கின்றன. இந்தக் கோணத்தை அளப்பதற்கே ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஆபே ‘நியூமெரிக்கல் அபெர்ச்சர்’ என்ற கணக்கை வகுத்தார். நல்ல மைக்ராஸ்கோப் வாங்குபவர்கள் உருப்பெருக்கத்தோடு இந்த எண்ணையும் பார்ப்பது இதனால்தான்.

ஊதா வடிகட்டியையும் மஞ்சள்-பச்சை வடிகட்டியையும் சேர்த்து ஒளியின் பாதையில் வைத்தால் திரவத்தில் தெரிந்த ஒளிக்கீற்று மறைந்துவிடும். இரண்டாவதை எடுத்துக் கண்ணுக்கு முன்னால் வைத்தால் கீற்று மறுபடி தெரிந்தது! உள்ளே புகுந்தபோது இல்லாத நிறம் வெளியே வந்திருக்கிறது. சுமார் 60 திரவங்களில் இதே பலன். 1928 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வந்த முதல் கட்டுரையில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன.

1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. பரிசு உரையில் ராமன் கிருஷ்ணனின் பங்கைக் குறிப்பிட்டார். கிருஷ்ணனோ 1928 இறுதியிலேயே டாக்கா பல்கலைக்கழகம் போய், படிகங்களின் காந்த குணங்களை ஆராயத் தொடங்கிவிட்டார். பங்கு கேட்டு வாதாடுவதில் காலம் போக்கவில்லை. அடுத்த வேலையைப் பார்த்தார். அந்த வேலையே அவரை உயர்த்தியது. 1940-இல் எஃப்.ஆர்.எஸ்., 1946-இல் ஸர் பட்டம், 1947-இல் புதுடெல்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டர் பதவி, 1954-இல் பத்மபூஷண், 1958-இல் முதலாவது பட்நாகர் பரிசு. 1961 ஜூனில் காலமானார்.

பிப்ரவரி 28 தேசிய விஞ்ஞான தினம். அன்று நம் குழந்தைகளுக்கு ராமனைப் பற்றிச் சொல்லும்போது, வத்திராயிருப்பு கிருஷ்ணனையும் சேர்த்தே சொல்வோம்.