நீலகண்டன் கேட்ட யோபுவின் கதை



வேங்கிக்கால் பகுதியில் அன்பியக் கூட்டம் நடத்துவது எளிதல்ல. ஆட்சியர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் வீடு திரும்பவே இரவு ஏழு மணி ஆகிவிடும். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ ஓட்டும் சகோதரர்கள் வர இயலாது. பிள்ளைகளுக்குத் தேர்வு, உறவில் ஒரு திருமணம் என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். கூட்டம் நடந்தாலும் செபமாலை, பாடல், அறிவிப்பு, தேநீர் எல்லாம் முடிந்த பிறகே விவிலியத்திற்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைத் திறந்து, ஆசீர்வாதமான வசனம் வந்தால் மகிழ்கிறோம். கண்டிப்பான வசனம் வந்தால் வேறு பக்கம் திருப்புகிறோம். இந்தப் பழக்கம் பங்குக் குருக்களாகிய எங்களுக்கும் இல்லை என்று சொல்ல முடியாது.

இவ்வேளையில் நம் தமிழ் மண்ணின் புனிதர் தேவசகாயத்தின் வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது நமக்கு நல்லது. அவரது மனமாற்றம் பெரிய கூட்டத்தில் நிகழவில்லை. இரண்டு பேர் அமர்ந்து விவிலியத்தின் ஒரே ஒரு நூலைப் பற்றிப் பேசியதில் தொடங்கியது.

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். வசதியான குடும்பம், நல்ல கல்வி. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரியாகப் பணியாற்றினார். பார்கவி என்பவரை மணந்தார்.

1741இல் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. அப்போது பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய் என்ற கத்தோலிக்கர். மன்னர் அவரது திறமையைக் கண்டு, தம் படைக்குப் பயிற்சி தரவும் உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தவும் அவரையே அமர்த்தினார். அந்தப் பணியில் நீலகண்டனும் டி லனாயும் நண்பர்கள் ஆனார்கள்.

அந்தக் காலத்தில் நீலகண்டனின் வீட்டில் துன்பம் அடுக்கடுக்காக வந்தது. கால்நடைகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது, செல்வம் கரைந்தது. எந்தத் தெய்வத்தின் கோபம் இது என்று அவர் கலங்கினார். முகவாட்டத்தைக் கண்ட நண்பர் காரணம் கேட்டார். பிறகு யோபுவின் வரலாற்றைச் சொன்னார்.

ஏன் யோபு? மாடுகளையும் கழுதைகளையும், ஆடுகளையும் ஒட்டகங்களையும், ஏழு புதல்வரையும் மூன்று புதல்வியரையும் இழந்த ஒரு நேர்மையாளரின் கதை அது. யோபுவின் நண்பர்கள் மூவர் வந்து ஏழு நாள் அவரோடு மௌனமாகத் தரையில் அமர்ந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்ததும், நீ செய்த பாவமே இதற்குக் காரணம் என்று குற்றம் சாட்டினார்கள். இறுதியில் கடவுள் கடிந்துகொண்டது அந்த நண்பர்களைத்தான். நீலகண்டனின் மனத்தில் இருந்த கேள்வியும் இதுவே: தவறு செய்தவனுக்குத்தான் துன்பம் வருமா? டி லனாய் தாமாக ஒரு பதிலைச் சொல்லாமல், அதே கேள்வியைக் கேட்ட ஒரு மனிதரை அவருக்கு அறிமுகப்படுத்தினார். யோபுவின் வழியாக நீலகண்டன் கிறிஸ்துவின் பாடுகளுக்கு வந்து சேர்ந்தார்.

இது ஒரே நாளில் நடந்துவிடவில்லை என்பதைக் கவனிப்போம். குளச்சல் போர் 1741இல், திருமுழுக்கு 1745இல். இடைப்பட்ட காலத்தில் அரண்மனை வேலையும் கோட்டை வேலையும் நடந்துகொண்டேதான் இருந்தன. அன்று தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் முழு விவிலியம் கிடையாது. அது அவர்கள் கைக்கு வர இன்னும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. நண்பரின் வாய்மொழியே அவருக்குக் கிடைத்த இறைவார்த்தை. நமக்கோ பொது மொழிபெயர்ப்பு 1995 முதல் கையில் இருக்கிறது. இப்போது கைபேசியிலும் இருக்கிறது.

டி லனாய் கொடுத்த கடிதத்தோடு அவர் வடக்கன்குளம் சென்றார். மக்கள் பரஞ்சோதிநாதர் என்று அழைத்த இயேசு சபைக் குரு புத்தாரி, 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமே தேவசகாயம்; கடவுளின் உதவி என்பது அதன் பொருள். பின்னர் பார்கவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். இருவராகத் தொடங்கிய குழு வளர்ந்தது. தேவசகாயம் சாதி பாராமல் எல்லாரோடும் அமர்ந்தார், உண்டார், தாம் கேட்டதைச் சொன்னார். உயர்குலத்தவர் பலருக்கு இது பொறுக்கவில்லை.

1749 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். எருமை மீது அமர்த்தி ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். அடித்து, காயங்களில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் விலங்கிலேயே கழிந்தன. பெருவிளையில் மரத்தடியில் கட்டி வைக்கப்பட்ட நாள்களில் மக்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவர் செபித்தார், வந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னார். ஒருகாலத்தில் ஆறுதல் தேடிய நீலகண்டன், இப்போது விலங்கோடு பிறருக்கு டி லனாய் ஆனார்! 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. 2012 டிசம்பர் 2இல் அருளாளராகவும், 2022 மே 15இல் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவரே.

இங்கே நம்மைத் தடுத்து நிறுத்தும் உண்மை ஒன்று உண்டு. யோபு நூலின் முடிவில், இழந்ததைப்போல் இரு மடங்கு யோபுவுக்குத் திரும்பக் கிடைக்கிறது. தேவசகாயத்திற்கு இம்மண்ணில் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. மாடும் நெல்லும் போன துன்பத்தில் அந்தக் கதையைக் கேட்டார். கேட்ட பிறகு பதவியும் போயிற்று, வீடும் போயிற்று, உயிரும் போயிற்று. வாசித்தால் நன்மை வரும் என்ற கணக்கில் கேட்டிருந்தால், 1749இல் அவர் விலகியிருப்பார். அவர் கேட்டது பலனை எதிர்பார்த்தல்ல, கடவுளை அறிய. ஆசீர்வாத வசனத்தை மட்டும் தேடிப் பக்கம் திருப்பும் நம் பழக்கத்திற்கு அவரது வாழ்வே பதில். நமக்குப் பிடித்த பக்கம் நல்ல நாளைக்குப் போதும். விலங்கு மாட்டும் நாளில் முழு நூலும் தேவைப்படும்.

ஆகவே நம் அன்பியங்களில் சிறிதாகத் தொடங்குவோம். யோபு நூலில் 42 அதிகாரங்கள். வாரம் ஒன்று என்றால் பத்து மாதங்களில் முடிந்துவிடும். நாள், நேரம், வீடு மூன்றையும் முன்கூட்டியே முடிவு செய்வோம். செபம் முடிந்தவுடன் முதலில் விவிலியம். அறிவிப்பும் தேநீரும் பிறகு. ஒருவர் உரக்க வாசிக்கட்டும். மற்றவர்கள் சிறிது நேரம் மௌனமாக இருக்கட்டும். தம்மைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவரும் சொல்லட்டும். யாரும் யாருக்கும் போதிக்க வேண்டாம். யோபுவின் நண்பர்கள் செய்த தவறு அதுதான். ஒரு வாரம் நான்கு பேர் மட்டும் வந்தாலும் கூட்டத்தை நிறுத்த வேண்டாம். உதயகிரியில் இருந்தவர்கள் இரண்டே பேர். வர இயலாத ஆட்டோ சகோதரருக்கு, அன்று எந்த அதிகாரம் என்று பக்கத்து வீட்டார் சொல்லி விடட்டும். அவர் வண்டியை நிறுத்தும் வேளையில் வாசிப்பார்.

நம் தெருவிலும் கடன், நோய், மகனின் வேலை என்று முகம் வாடிய ஒரு நீலகண்டன் இருக்கக்கூடும். அவர் நம்மிடம் பேசும் நாளில், சொல்வதற்கு நம்மிடம் யோபுவின் கதை இருக்குமா?

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.