ரப்பரைக் கீழே வைத்த கவிஞர்

ஓய்வு பெற்ற பிறகு படம் வரைந்து பழகலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் நம் குடியிருப்பிலேயே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு முதலில் வரும் சந்தேகம், எதில் வரைவது என்பதுதான். வாட்டர் கலரா, அக்ரிலிக்கா, ஆயிலா? எல்லாவற்றிலும் ஒரு பெட்டி வாங்கி, நாலு நாள் வரைந்து பார்த்து, நமக்கு வராது என்று பரணில் போட்டவர்களும் உண்டு. உங்களுக்காகவே ஒருவர் கதையைச் சொல்கிறேன்.

அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ரவீந்திரநாத் தாகூர். நம் தேசிய கீதத்தை எழுதியவர், கீதாஞ்சலிக்காக 1913இல் நோபல் பரிசு பெற்றவர். ஆனால் அவர் ஓர் ஓவியர் என்பதும், அந்த வேலையை அறுபது வயதுக்குமேல்தான் முழுமூச்சாகத் தொடங்கினார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

1861இல் கல்கத்தாவின் ஜோராசாங்கோ வீட்டில் பிறந்தார். அந்தக் குடும்பத்தில் ஓவியத்துக்குப் பஞ்சமே இல்லை. அண்ணன் ஜோதிரிந்திரநாத் பென்சிலால் முகங்களை அழகாக வரைவார். ஒன்றுவிட்ட அண்ணனின் பிள்ளைகளான ககனேந்திரநாத்தும் அவனீந்திரநாத்தும் நாடறிந்த ஓவியர்கள். 1919இல் தாகூரே சாந்திநிகேதனில் கலா பவனம் என்ற ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். நந்தலால் போஸ் அங்கே பல ஆண்டுகள் தலைமை வகித்தார். சுற்றியிருந்த எல்லோரும் வரைந்தார்கள். அவருக்கு மட்டும் வரவில்லை.

முயற்சி செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தார். 1900ஆம் ஆண்டு, 39 வயதில், விஞ்ஞானி நண்பர் ஜகதீச சந்திர போஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் படநோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பதாகவும், பென்சிலைவிட ரப்பரைத்தான் அதிகம் பயன்படுத்துவதாகவும் தன்னையே கேலி செய்துகொண்டார். இந்தப் படங்கள் பாரிஸ் கண்காட்சிக்குப் போகப் போவதில்லை, எந்த நாட்டின் ஓவியக் கூடமும் இவற்றை வாங்க வரி போடப் போவதில்லை என்றும் வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். வரைவதும் அழிப்பதுமாக இருந்த அந்த ஆசை மெல்ல ஒதுங்கிப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 1924இல் பெரு நாட்டுக்குக் கப்பலில் புறப்பட்டவர், வழியில் உடல்நலம் கெட்டு அர்ஜென்டினாவில் இறங்க நேர்ந்தது. விக்டோரியா ஒகாம்போ என்ற எழுத்தாளர் அவருக்குத் தங்க இடம் ஏற்பாடு செய்து கவனித்துக்கொண்டார். அங்கே இருந்த நாட்களில் தாகூர் எழுதிய கவிதைகள் பின்னர் பூரவி என்ற தொகுப்பில் வெளிவந்தன. அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்த ஒகாம்போ வியந்து போனார். கவிதையைவிட அடித்தல் திருத்தல்கள்தான் அவர் கண்ணில் பட்டன.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். லெட்ஜரில் ஒரு தொகையைத் தப்பாக எழுதிவிட்டால் ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டு, சரியான தொகையை மேலே எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். தப்பு நடந்தது கடைசிவரை அந்தப் பக்கத்தில் தெரியும். தாகூரும் மையில்தான் எழுதினார். அழிக்க வழியில்லை. ஆனால் அவர் வெறும் கோடு போட்டு நிறுத்தவில்லை. அடித்த சொல்லை நன்றாகக் கறுப்பாக்கினார். அதைப் பக்கத்தில் அடித்த இன்னொரு சொல்லோடு வளைகோட்டால் இணைத்தார். ஒரு மூக்கு வைத்தார், கழுத்தை நீட்டினார். வேண்டாம் என்று தள்ளிய சொற்கள் பறவையாகவும், பெயரில்லாத மிருகமாகவும் எழுந்து நின்றன.

பென்சிலில் தோற்றவர் மையில் ஜெயித்தது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். பென்சில் கையில் இருந்தபோது ஒவ்வொரு கோட்டையும் சரியா தப்பா என்று சோதித்து அழித்துக்கொண்டே இருந்தார். மை அந்த வசதியைத் தரவில்லை. விழுந்த கோடு விழுந்ததுதான், அதிலிருந்து மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. அதோடு, பேனாவும் மையும் அவர் கை அரை நூற்றாண்டாகப் பழகியவை. அவர் புதிதாக ஒரு கருவியைத் தேடிப் போகவில்லை.

1928 வாக்கில், 67 வயதில், கவிதைத் தாளை விட்டு வெளியே வந்து தனிப் படங்களாகவே வரையத் தொடங்கினார். கறுப்பு மை, வண்ண மைகள், பிறகு நீர்வண்ணமும் சேர்ந்துகொண்டது. தூரிகைதான் வேண்டும் என்றில்லை. பேனாவின் பின்பக்கம், துணித்துண்டு, விரல் எல்லாமே கருவிகள். பெரும்பாலான படங்களை ஒரே அமர்வில் முடித்துவிடுவார். சிவப்பைப் பிரித்தறிவதில் அவர் கண்ணுக்குச் சிரமம் இருந்திருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அதுவும் அவரைத் தடுக்கவில்லை. படங்களுக்குத் தலைப்பு வைக்கும் வழக்கமும் இல்லை. பார்ப்பவரே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

உலகப் புகழ் பெற்ற கவிஞருக்குக் கூச்சம் இருக்காது என்று நினைக்காதீர்கள். பெயர் பெரிதானால் கேலிக்கு அஞ்சும் பயமும் பெரிதாகும். சொந்த ஊரில் காட்டத் தயங்கினார். முதல் கண்காட்சி 1930 மே மாதம் நடந்தது. எங்கே தெரியுமா? பாரிஸில்! ஏற்பாடு செய்ய முன்நின்று உதவியவர் அதே ஒகாம்போ. அதே ஆண்டில் பர்மிங்ஹாம், பெர்லின், மாஸ்கோ, நியூயார்க் என்று படங்கள் பயணம் போயின. கல்கத்தாக்காரர்கள் அதற்குப் பிறகுதான் பார்த்தார்கள்.

1941 ஆகஸ்டு 7ஆம் தேதி, 80 வயதில் அவர் காலமானபோது வரைந்து வைத்திருந்தவை இரண்டாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவை கடைசிப் பதின்மூன்று ஆண்டுகளில் வரைந்தவை. இன்று அவர் ஓவியங்கள் சட்டப்படி தேசியக் கலைச் செல்வங்கள், நாட்டை விட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. 1900இல் அவர் செய்த கேலி இரண்டு விதத்திலும் பொய்யாகிவிட்டது.

நாம் எல்லோரும் தாகூர் ஆகப் போவதில்லை, அது தேவையும் இல்லை. ஆனால் கடைக்குப் போவதற்கு முன், உங்கள் கை ஏற்கெனவே எதைப் பழகியிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். நாற்பது வருஷம் வாசலில் கோலம் போட்டவர் கைக்குக் கோடு பழக்கம். தையல் தெரிந்தவருக்குத் துணியும் நூலும் போதும். தச்சு வேலை தெரிந்தவருக்கு மரம். என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குப் பேனா.

நான் பழைய டைரியில் பால்பாயின்ட் பேனாவால்தான் வரைகிறேன். பூனை வரைய உட்கார்ந்தால் பாதி நாள் நாயாக முடிகிறது. பக்கத்தைக் கிழிப்பதில்லை. கீழே இனிஷியல் போட்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறேன்.