அனைத்துப் பெண்களுக்கும் வாக்குக் கேட்ட அக்னஸ் டி சில்வா

கண்டி நகரில் ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் பெயரில் ஒரு பூங்கா உண்டு. சட்டத்தரணியாகத் தொழில் புரிந்து, அரசியலில் ஈடுபட்டு, 1942 முதல் 1947 வரை சுகாதார அமைச்சராக விளங்கிய அவரை நகரம் மறக்கவில்லை. அவரது துணைவியாரான அக்னஸ் டி சில்வா அம்மையாரின் பெயர் இலங்கைப் பெண்களின் வாக்குரிமை வரலாற்றை எழுதியோர் எவராலும் தவிர்க்க முடியாத பெயராகும். ஆயினும், அவ்வம்மையாருக்கு மிகவும் கடமைப்பட்டுள்ள மலையகத் தமிழ்ப் பெண்களிடையே அவர் உரியவாறு அறியப்படவில்லை என்பது நமது எண்ணம்.

பறங்கியர் குடும்பமொன்றில் 1885 ஆம் ஆண்டு பிறந்த அக்னஸ், சிங்களவரான ஜோர்ஜ் டி சில்வாவை மணந்தார். இன எல்லையைத் தாண்டிய திருமணங்களை இரு தரப்பாரும் விரும்பாத காலம் அது. கண்டியில் இல்லறம் நடத்திய அவர், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே பொதுப்பணியிலும் இறங்கினார்.

1927 ஆம் ஆண்டின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. புதிய அரசியலமைப்பில் யார் யாருக்கு வாக்குரிமை வழங்குவது என்பதே அப்போது எழுந்த பெரும் வினா. அவ்வாண்டு டிசம்பரில் மகளிர் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டபோது அதன் செயலாளர் பொறுப்பை அக்னஸ் அம்மையார் ஏற்றார். ஆங்கிலக் கல்வி பெற்ற, வசதி படைத்த குடும்பங்களின் பெண்களே சங்கத்தில் பெரும்பாலும் இருந்தனர். அவர்கள் கோரியதும் வரையறுக்கப்பட்ட வாக்குரிமையைத்தான். சகல பெண்களுக்கும் வாக்கு என்பது அவர்களுள் பலருக்கே எட்டாத கனவாகத் தோன்றியிருக்கும்.

சங்கத்தின் தூதுக்குழு ஆணைக்குழுவின் முன் தோன்றியபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று டொனமூர் பிரபு வினவினார். இவ்வினா வெறும் வினாவன்று. தோட்டத் தொழிலாளருக்கு வாக்குக் கிடைத்தால் கண்டிப் பிரதேசத்தின் தொகுதிகள் தம் கையை விட்டுப் போய்விடும் என்று சிங்களத் தலைவர்கள் பலர் அஞ்சிக்கொண்டிருந்தனர். கண்டியிலேயே அரசியல் நடத்தும் ஒருவரின் மனைவி இதற்கு நழுவலாகப் பதில் கூறியிருந்தால் எவரும் குறை கண்டிருக்கமாட்டார்கள். ஆனால், அவர்களும் பெண்களே என்றும், சகல பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்றும் அக்னஸ் அம்மையார் தயக்கமின்றிக் கூறினார். தமது சங்கம் கேட்டதைவிட அதன் செயலாளர் அதிகமாகக் கேட்டுவிட்டார்.

அக்காலத்தில் நம்மவர் நிலை என்ன? சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்களிப்பதை எதிர்த்தார் என்பதை மறைப்பதற்கில்லை. மறுபுறம், கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் 'தேசபக்தன்' பத்திரிகையின் வாயிலாகப் பெண்களின் வாக்குரிமைக்கு ஆதரவாக எழுதினார் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. பின்னர் அது ஆண்களுக்குரியது போலவே 21 வயதாக்கப்பட்டு, 1931 ஆம் ஆண்டின் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. பிரான்ஸ் தன் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது 1944 இல்தான். 1931 ஆம் ஆண்டின் இறுதியில் அடலின் மொலமூரே இடைத்தேர்தல் ஒன்றில் வென்று அரசாங்க சபையின் முதல் பெண் உறுப்பினரானார். அடுத்த ஆண்டில் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்றார்.

தோட்டத்துப் பெண்களுக்கோ வாசல் பாதியே திறந்தது. இந்தியத் தமிழர் நிரந்தரக் குடியிருப்பையோ பிற தகைமைகளையோ நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் குறுக்கிட்டன. அவற்றையும் கடந்து வாக்காளர் இடாப்பில் சேர்ந்தவர்கள் 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அவர்களது வாக்கைப் பறித்தன. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழ்ப் பெண்களுள் மிகப் பெரும்பாலோர் வாக்களிக்க முடியாமல் நின்றபோது அக்னஸ் அம்மையார் உயிருடன் இருந்தார். 1961 இல் அவர் மறைந்தபோதும் அந்த வாக்கு திரும்பியிருக்கவில்லை. 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னரே நாடற்றவர் என்ற பெயர் முற்றாக நீங்கியது.

அம்மையாரின் மகள் மினட், பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் 1948 இல் இணை உறுப்பினராகி, அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் ஆனார். கண்டியின் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டம் அவரது கைவண்ணமே. அதே ஆண்டில்தான் சுற்றியுள்ள மலைகளில் கொழுந்து பறித்த பெண்கள் நாடற்றவராக்கப்பட்டனர்.

வாக்கு மீண்டது, வேறு பல மீளவில்லை. ஒரே நாள் வேலைக்கு ஆணைவிடக் குறைவாகப் பெண்ணுக்குக் கூலி வழங்கும் வழக்கம் தோட்டங்களில் 1984 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே ஒழிந்தது. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்கள். அதை நிறுப்பவரும் கணக்கெழுதுபவரும் தொழிற்சங்கத் தலைவரும் பெரும்பாலும் ஆண்களே. பெண்களின் சந்தாவில் வளர்ந்த தொழிற்சங்கங்கள் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றன என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

2018 ஆம் ஆண்டு முதல் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. பாராளுமன்றத்துக்கு அத்தகைய ஒதுக்கீடு இல்லை. 2024 நவம்பர் தேர்தலில் 225 ஆசனங்களுள் பெண்களுக்குக் கிடைத்தவை ஏறத்தாழப் பத்தில் ஒன்றே. அவர்களுள் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் மக்கள் வாக்கால் தெரிவாகினர். டொனமூர் பிரபு அந்த வினாவைக் கேட்டு ஏறக்குறைய 97 ஆண்டுகளுக்குப் பின்னரே மலையகத் தமிழ்ப் பெண்கள் இவ்வாறு பாராளுமன்றம் சென்றனர்.