அறமும் ஆயுதமும்: வ.வே.சு. ஐயர் வாழ்க்கை

ஊர்காவற்றுறைக் கரையில் நின்று நோக்குவார்க்குக் கடலின் நடுவே ஒரு கற்கோட்டை தோன்றும். பறங்கியரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்துச் சின்னமாகிய அது பின்னாளிற் சிறைக்கூடமாகவும் பயன்பட்டது. சென்ற தவணையில் ஒருநாள் மாணாக்கர் சிலருடன் அக்கரையில் அமர்ந்து திருக்குறட் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருள் ஒருவன் கோட்டையைச் சுட்டி, தமிழ்நூல் கற்ற புலவர் எவரேனும் சிறை புகுந்ததுண்டோ என வினவினான். உண்டு என்று கூறி, வ.வே.சு. ஐயர் பெயரைச் சொன்னேன். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அவரே ஆயுதப் புரட்சியையும் நம்பியவர் என்றதும் அவன் முகம் வாடிற்று. குறள் பயின்ற கை துப்பாக்கியை நாடியது எவ்வாறு என்பது அவனது அடுத்த வினா. போரிற் பெற்றோர் பட்ட துயரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது வெறும் பாட வினா அன்று. அதற்கு விடையாக அன்று யான் கூறிய வரலாற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த வரகனேரியில் 1881-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 2-ஆம் நாள் ஐயர் பிறந்தார். வரகனேரி வேங்கடேச சுப்பிரமணியம் என்னும் பெயரே வ.வே.சு. எனச் சுருங்கிற்று. திருச்சியில் சூசையப்பர் கல்லூரியிற் பயின்ற காலத்தில் வரலாற்றுடன் இலத்தீன் மொழியையும் விரும்பிக் கற்றார். மேலைச் செம்மொழியில் அவர் பெற்ற அப்பயிற்சி, பின்னாளில் கம்பனை உலகப் பெருங்கவிஞர் வரிசையில் வைத்து நோக்குதற்கு அடிப்படையாயிற்று.

வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்ட அவர், இரங்கூனிற் சிலகாலம் இருந்து, 1907-இல் பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்கத்துடன் இலண்டன் சேர்ந்தார். ஆங்கே இந்தியா விடுதியில் சாவர்க்கர் முதலியோரின் நட்பு வாய்த்தது. அடிமைப்பட்ட நாடு ஆயுதத்தாலேயே விடுதலை பெறல் கூடும் என்பது அவ்விளைஞர்தம் துணிபு. சட்டம் கற்கச் சென்றவர் சட்டத்தால் தேடப்படுபவர் ஆனார். 1910-இல் கைதுக்கு அஞ்சவேண்டிய நிலை நேரவே, பாரிஸ்டர் பட்டத்தைக் கைவிட்டு, மாறுவேடம் பூண்டு, பல நாடுகளைக் கடந்து, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அவ்வாண்டின் இறுதியில் அடைந்தார்.

பாரதியாரும் அரவிந்தரும் அப்போது அங்கேதான் இருந்தனர். ஐயர் இளைஞர்க்கு உடற்பயிற்சியும் படைக்கலப் பயிற்சியும் அளித்தார். 1911 ஜூன் 17-இல் மணியாச்சிச் சந்திப்பில் ஆஷ் துரையைச் சுட்டுத் தன்னுயிரையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதன் புதுச்சேரிக்கு வந்து ஐயரிடம் பழகியவன் என்பர். அதன்பின் ஆங்கில அரசின் ஒற்றர் கண்கள் ஐயர் வீட்டு வாயிலை விட்டு அகலவில்லை.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. செப்டெம்பர் 22 இரவில் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேற் குண்டு பொழிந்தது. அக்கப்பல் பின்னர் இலங்கையின் மேற்குக் கடலிலும் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. சூழ்ச்சி வல்லோரை இன்றும் எம்டன் என்று நம்மவர் கூறுவது அக்கப்பலின் நினைவினாலேயே. அந்நிகழ்ச்சிக்குப் புதுச்சேரி அகதிகளின்மேற் பழி சுமத்திய ஆங்கில அரசு, அவர்களை ஆப்பிரிக்காவுக்கு நாடுகடத்துமாறு பிரெஞ்சு ஆட்சியாளரை நெருக்கிற்று. மீள முடியாத நிலத்தில் தம் உயிர் போய்விடும் என்று ஐயர் எண்ணினார். எண்ணியவர் ஓடி ஒளிய இடம் தேடினாரல்லர். ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்தார். இறக்குமுன் தாய்மொழிக்குத் தாம் செலுத்தவேண்டிய கடன் யாதெனச் சிந்தித்து, 1330 குறட்பாக்களையும் ஆங்கிலத்திற் பெயர்க்கத் தொடங்கினார். அந்நூல் 1916-இல் அச்சேறியது. நாடுகடத்தல் நிகழவில்லை; நூலோ நிலைத்தது. அக்காலத்திலேயே சிறுகதைகளும் இயற்றி, தமிழில் அவ்விலக்கிய வகைக்கு முன்னோடிகளுள் ஒருவராயினார்.

போர் முடிந்தபின் 1920-இல் தமிழ்நாடு திரும்பிய ஐயர் தேசபக்தன் இதழின் ஆசிரியரானார். ஆயுதவழியை விட்டுக் காந்தியடிகளின் இயக்கத்தைச் சார்ந்தார். ஆயினும் 1921-இல் அரச நிந்தனைக் குற்றஞ்சாட்டப்பெற்று ஒன்பது மாதம் பல்லாரிச் சிறையில் இருந்தார். அங்கே அவர் வடித்ததே கம்பராமாயண ஆராய்ச்சி. ஓமரையும் மில்டனையும் வான்மீகியையும் கம்பனோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற அந்நூல், அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழிந்தே வெளிவந்தது.

இம்மட்டோடு நிறுத்தினால் வரலாறு இனிதாக முடியும். ஆனால் ஆசிரியன் உண்மையை மறைத்தல் ஆகாது. ஐயர் திருநெல்வேலிச் சீமையின் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நிறுவினார். அங்குப் பிராமணச் சிறுவர் இருவர்க்கு உணவு வேறாகப் பரிமாறப்பட்டது. தாம் எல்லோருடனும் உண்பவரேயாயினும், அச்சிறுவரின் பெற்றோர்க்குக் கொடுத்த வாக்கை மீற ஐயர் இசைந்திலர். காங்கிரஸ் நிதி பெற்ற நிறுவனத்தில் இவ்வேற்றுமை தகுமோ என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் போர்க்கொடி உயர்த்தினர். பெரியார் காங்கிரஸை விட்டு விலகியதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. நியாயம் எதிர்த்தவர் பக்கமே இருந்தது என்பது என் கருத்து. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்கும் நூலைச் சாவின் நிழலிலிருந்து மொழிபெயர்த்தவர், பந்தியில் அந்நூலை மறந்தார். அவரைப் பழிக்குமுன் நாம் நம்மையும் எண்ணல் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிற் சமாசனமும் சமபோசனமும் 1920-களின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் போராடியே பெறப்பட்டன.

அப்பூசல் ஓய்ந்து முடியுமுன்னரே, 1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐயர் பாபநாசம் அருவிக்குச் சென்றிருந்தார். கல்யாண தீர்த்தத்தில் மகள் சுபத்திரை நீரில் வீழ்ந்தாள். மீட்கப் பாய்ந்த தந்தையும் மீளவில்லை. அப்போது அவருக்கு வயது 44.

இவ்வளவும் கேட்ட மாணவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர், ஐயர் பெரியவரா பிழைத்தவரா என்று கேட்டான். இரண்டும் என்றேன். துப்பாக்கி தந்த புகழ் அவரோடு போயிற்று. சாவை எதிர்நோக்கியிருந்த வேளையில் செய்த நூற்பணி இன்றும் நம் கையில் உள்ளது. பந்தியிற் செய்த பிழை நமக்கு எச்சரிக்கையாக நிற்கின்றது. குறளை ஓதுவிக்கும் நம்போன்றோர் இம்மூன்றையும் சேர்த்தே பிள்ளைகட்குச் சொல்லுதல் கடன். மாலை மங்கவே நாங்கள் எழுந்தோம். அவன் கடற்கோட்டையை ஒருமுறை திரும்பி நோக்கிவிட்டு, குறட் புத்தகத்தை மடியிற் செருகிக்கொண்டு நடந்தான்.