அத்தை வளர்த்த அண்ணல்

அண்ணல் அம்பேத்கர் என்றதும் நம் நெஞ்சில் தோன்றுவது, கையில் அரசியற் சட்ட நூலை ஏந்தி, ஒரு கையை உயர்த்தி நிற்கும் பேருருவமே ஆகும். நம் கல்விக் கழகத்தின் இவ்வெள்ளி விழா மலரில் யாம் எழுதப் புகுவது அப்பேருருவத்தைப் பற்றியன்று. தாயை இழந்து அத்தையின் பொறுப்பில் வளர்ந்த பீம் என்னும் சிறுவனைப் பற்றியே எழுதுகின்றோம். அவனையொத்த பிள்ளைகள் நம் ஆரம்பாக்கத்திலும் பழவேற்காட்டு ஏரிக்கரை ஊர்களிலும் பலர் உளர். தாய் மறைந்தமையாலோ, பெற்றோர் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றமையாலோ, பாட்டியிடமும் அத்தையிடமும் சித்தியிடமும் வளரும் அப்பிள்ளைகளை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவர்தம் உள்ளத்தைக் காண்கின்றோமா என்பதே வினா.

1891 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள், மத்திய இந்தியாவிலுள்ள மாவ் என்னும் படைமுகாம் ஊரில், இராம்ஜி சக்பால், பீமாபாய் இணையருக்குப் பதினான்காம் குழந்தையாகப் பீம் பிறந்தார். பிறந்த பதினால்வருள் பலர் இளமையிலேயே மாண்டனர். தந்தையார் படையில் சுபேதாராகவும் படைப்பள்ளியின் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். ஓய்வு பெற்றபின் அவர் குடும்பத்துடன் சதாராவில் குடியேறினார். அங்கே, பீமுக்கு ஏறத்தாழ ஐந்து வயதாகும்போது அன்னையார் காலமானார்.

தாயிடத்தை நிரப்ப வந்தவர் தந்தையின் தமக்கையாகிய மீராபாய். அவர் குள்ளமான உருவினர், கால்களில் குறையுடையவர், பிறர் துணையின்றி நடமாட இயலாதவர், பலவேளைகளில் அவரைத் தூக்கிச் செல்லவேண்டியிருந்தது. ஆயினும் அவரினும் அன்புடையாரைத் தாம் கண்டதில்லை என்னும் கருத்தை அண்ணலே பிற்காலத்தில் எழுதிவைத்துள்ளார். தந்தையார் கோரேகாவ் என்னும் ஊரில் காசாளர் பணிக்குச் சென்றபின், பீமும் அண்ணனும், இறந்துபோன மூத்த தமக்கையின் மைந்தர் இருவரும் அத்தையின் பொறுப்பில் இருந்தனர். அத்தையால் அடுப்படியில் நிற்க இயலவில்லை. எனவே பிள்ளைகளே சமைத்தனர். ரொட்டி சுடத் தெரியாமையால் அரிசியையும் இறைச்சியையும் ஒன்றாக இட்டு வேகவைத்து உண்டு பள்ளிக்குச் சென்றனர்.

பள்ளியிலோ தீண்டாமை காத்திருந்தது. வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற சாக்குத்துணியில் தனியே அமரவேண்டும். பள்ளிச் சேவகர் வந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் இல்லை. 1901 இல், விடுமுறையில் தந்தையைக் காணும் பேராவலோடு, புத்தாடை அணிந்து பிள்ளைகள் இரயிலேறினர். மசூர் நிலையத்தில் அவர்களை எதிர்கொள்ள எவரும் வரவில்லை. அவர்கள் வரும் செய்தி தந்தைக்கு எட்டவேயில்லை. மகார் பிள்ளைகள் என்றறிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறிற்று. இருமடங்கு கூலி பெற்ற வண்டிக்காரனும் உடன் அமர மறுத்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டுமாறு விட்டான். கட்டுச்சோறு கையிலிருந்தும், குடிக்க நீர் தருவார் எவருமின்றி, இரவெல்லாம் பசியோடும் நாவறட்சியோடும் கழித்தனர். ஒன்பது வயதுச் சிறுவனின் நெஞ்சில் அவ்விரவு வாழ்நாள் முழுதும் அழியாத வடுவாயிற்று.

இதனிடையே தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். தம் அன்னையின் அணிகலன்களைச் சிற்றன்னை பூண்டிருக்கக் கண்டு பீம் மனம் புழுங்கினார். பாடத்தில் நாட்டம் குன்றிற்று. தோட்டவேலையும் இரயில் நிலையத்தில் சுமை தூக்குதலுமாகப் பொழுது போயிற்று. பம்பாய் ஆலையில் வேலை தேடிக்கொண்டு தன் காலில் நிற்பதென்று முடிவு செய்து, வழிச்செலவுக்காக, உறங்கும் அத்தையின் இடுப்பில் செருகியிருந்த பணப்பையைக் களவாட மூன்று இரவுகள் முயன்றார். நான்காம் இரவில் பை கைக்கு வந்தது. உள்ளே இருந்ததோ அரையணா! தம்மை அணைத்துக்கொண்டு உறங்கிய ஏழை அத்தையின் செல்வம் அவ்வளவே. அந்த நாணத்தில் பிறந்ததே, இனிக் கல்வி ஒன்றே வழி என்னும் உறுதி.

இளைஞர்களே, இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப்பாருங்கள். பாடம் படியாதவன், ஊர் சுற்றுபவன், திருடத் துணிந்தவன் என்று அன்று எவரேனும் அச்சிறுவனை ஒதுக்கியிருந்தால் என்னாகியிருக்கும்? இழப்புற்ற குழந்தை தன் துயரைச் சொல்லால் சொல்வதில்லை. சினமாக, பொய்யாக, களவாக, வாய்திறவா மௌனமாகச் சொல்லும். இன்றைய குழந்தை உளவியல் இதனைத் தெளிவுற விளக்குகின்றது. குழந்தையின் குற்றம் யாது என்று கேட்குமுன் அதன் இழப்பு யாது என்று கேட்டல் வேண்டும்.

யாமும் ஒருமுறை இதனை அறியாது தவறினோம். பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், வகுப்பில் நாள்தோறும் உறங்கிவிழுந்த மாணவன் ஒருவனைச் சோம்பேறி என்று கடிந்து வெளியே நிறுத்தினோம். சில நாளில் அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். தாய் இறந்ததைக் கண்ணெதிரே கண்டவன் அவன் என்பதும், அதுமுதல் இரவில் உறங்காதவன் என்பதும், அவன் அத்தையைத் தேடிச் சென்றபோதுதான் தெரிந்தது. அதற்குள் அவன் செங்கற்சூளை வேலைக்குப் போய்விட்டான். அவன் பெயர் எம் வருகைப் பதிவேட்டில் அடிக்கப்பட்டது, நெஞ்சில் அடிக்கப்படவில்லை.

பீமுக்கு வாய்த்த நற்பேறு, கைவிடாத பெரியோர் சிலர். நகைகளை மணமான மகளிரிடம் இரவல் பெற்று அடகுவைத்தேனும் நூல் வாங்கித்தந்த தந்தையார். 1907 இல் மெட்ரிக் தேறியபோது பாராட்டி, மேற்படிப்புக்குப் பரோடா மன்னரின் உதவி கிட்டத் துணைநின்ற ஆசிரியர் கேளுஸ்கர். இவர்களுக்கெல்லாம் முன்னே, கையில் ஒன்றுமின்றி அன்பு ஒன்றையே அளித்த மீராபாய். 1913 இல் அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற வரலாறு நீங்கள் அறிந்ததே.

உயர்ந்தபின் அவர் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளை மறந்தாரல்லர். 1924 இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார்; மறு ஆண்டே அச்சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. 1945 இல் மக்கள் கல்விக் கழகம் கண்டார். அவர் தலைமையில் வரைவு பெற்று 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டத்தின் 39 ஆம் பிரிவு, குழந்தைப் பருவம் கைவிடப்படாதவாறு காப்பதை அரசின் நெறியாக வைத்துள்ளது. அதன் வழியில், உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்கும் இன்று அரசு உதவித்தொகை உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை நாடலாம். இடருற்ற குழந்தைக்கு 1098 என்னும் தொலைபேசி எண் உண்டு. எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிமார்க்கு அவ்விண்ணப்பத்தை எழுதித்தருதல் நம் கழக இளைஞரின் கடமையாகட்டும்.

இன்னும் ஒன்று. அத்தையின் அன்பு பெரிது. ஆனால் அவர் கால்கள் நொய்ந்தவை. அன்று அக்குடும்பத்திற்கு அண்டை வீட்டார் சிலர் துணைநின்றனர். ஏரியில் இறால் தடவியும் கூடை சுமந்தும் பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாய் வளர்க்கும் நம் பெண்களை நாமன்றோ தாங்கவேண்டும்! மாலையில் அப்பிள்ளையின் பாடத்தைக் கேளுங்கள், தாயைப் பற்றி அவன் பேசினால் தடுக்காது கேளுங்கள், சினந்தால் பொறுங்கள், நாளை வருவேன் என்று சொன்னால் தவறாது வாருங்கள். சொன்ன சொல் தவறாத ஒருவரைக் கண்டபின்னரே இழப்புற்ற நெஞ்சம் மீண்டும் உலகை நம்பத் தொடங்கும்.

நம் குப்பத்துத் திண்ணையில் பேசாது அமர்ந்திருக்கும் சிறுவன் யாராக வளர்வான் என்பதை யார் அறிவார்? அவனை அணைப்போம், கற்பிப்போம். அதுவே அண்ணலுக்கும், அவரை வளர்த்த அத்தைக்கும் நாம் செய்யும் நன்றியாகும்.