கடற்கரையின் நீளம் எவ்வளவு?

ஜியாலஜி படிக்கிறவர்கள் பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு சுத்தியலோ நாணயமோ வைப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது இல்லைன்னா, படத்தில் இருப்பது கையளவு கல்லா, மலைச்சரிவா என்று சொல்வது கஷ்டம். சின்னதிலும் பெரியதிலும் ஒரே மாதிரி கரடுமுரடு! இதை எண்ணில் பிடித்துக் காட்டியவர் ஜியாலஜிக்காரர் இல்லை. போரை வெறுத்த ஒரு மனிதர்.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1881-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், ஏழு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். போரில் ஆயுதம் எடுக்கக் கூடாது என்று நம்பும் குவேக்கர் குடும்பம். கேம்பிரிட்ஜில் படித்தார். நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பரில் நம்மைப் படுத்தி எடுக்கும் ஃபைனைட் டிஃபரன்ஸ் முறையை வைத்து, 1910-லேயே ஒரு கல் அணையில் உண்டாகும் அழுத்தங்களைக் கணக்கிட்டவர் இவர்தான்.

முதல் உலகப்போரில் துப்பாக்கி தூக்க மறுத்தார். ஆனால் ஒதுங்கி நிற்கவில்லை. பிரான்ஸ் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு நேரத்தில் வானிலையைக் கையால் கணக்குப் போட்டார். விடை படுதோல்வி! ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் அநேகமாக அசையவே இல்லை. அந்தத் தப்பான விடையை மறைக்காமல் 1922-ல் புத்தகமாகவே போட்டார். இன்றைய வானிலைக் கணிப்புக்கு அதுதான் அடித்தளம்.

1920-ல் அவர் வேலை பார்த்த வானிலைத் துறை, விமானப்படையைக் கவனிக்கும் அமைச்சகத்தின் கீழ் போனது. ராஜினாமா செய்துவிட்டார். பிடித்த வேலையை மனசாட்சிக்காக விடுவது சின்ன விஷயமா, சொல்லுங்க?

பிறகு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, போர் ஏன் வருகிறது என்று கணக்கில் தேடினார். எல்லை நீளமாக இருந்தால் சண்டை அதிகமா? எல்லைகளின் நீளத்தைப் புத்தகங்களில் பார்த்தால் குழப்பம். ஒரே எல்லைக்கு ஸ்பெயின் கணக்கு 987 கி.மீ., போர்ச்சுகல் கணக்கு 1214 கி.மீ.!

யாரும் பொய் சொல்லவில்லை. ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடரை எடுத்து வரைபடத்தில் கரையோரமாக நடக்க விடுங்கள். கால்களை அகலமாக வைத்தால் சின்ன வளைவுகளைத் தாண்டிப் போய்விடும். குறுக்கினால் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் நுழையும், நீளம் ஏறும். ரிச்சர்ட்சன் இதை லாக் அளவில் வரைந்தார். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன! பிரிட்டனின் மேற்குக் கரையில் அடியைப் பாதியாக்கினால் நீளம் சுமார் 19 சதவீதம் கூடும். தென்னாப்பிரிக்கக் கரையில் 2 சதவீதம்கூடக் கூடாது.

ஏன் இந்த வித்தியாசம்? பிரிட்டனின் வடமேற்கில் பனியாறுகள் பாறையைக் குடைந்து நீண்ட பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. பிறகு கடல் உள்ளே புகுந்தது. அலைகள் பாறை பலவீனமான இடமாகப் பார்த்துத் தின்றன. விரிசல்கள் விரல் அளவிலும் உண்டு, மைல் கணக்கிலும் உண்டு. அதனால் அரிப்பும் எல்லா அளவிலும் நடக்கிறது. தென்னாப்பிரிக்கக் கரைக்கு அப்படிக் குடையும் பனியாறு வாய்க்கவில்லை.

1953-ல், ஸ்காட்லாந்தின் கில்மன் கிராமத்தில் அவர் இறந்தார். இந்தக் கட்டுரை அச்சேறியது 1961-ல். அதைப் படித்த மாண்டல்பிராட் 1967-ல் பிரிட்டன் கரையைப் பற்றி எழுதினார்; அங்கிருந்துதான் ஃப்ராக்டல் வளர்ந்தது.

போருக்கு எல்லைதான் காரணமா என்று தேடியவருக்கு முழு விடை கிடைக்கவில்லை. ஆனால் வழியில் ஒத்துப்போகாத இரண்டு எண்களை அவர் தள்ளிவிட்டுப் போகவில்லை. அடுத்த முறை லேபில் ரீடிங் இடித்தால், ரப்பரை எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் இவரை நினைச்சுக்கோங்க.